தீச்சுவரை அணைக்கும் திருப்பணி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை, பெலிஹுல்ஓயாவைக் கடந்து மேலேறத் தொடங்கியபின் ஹல்துமுல்லையை அடைகிறது. இடப்புறம் மலைச்சரிவு, வலப்புறம் தெற்கே விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கு. பெரகலைச் சந்தியை நோக்கி முனகிக்கொண்டு ஏறும் பேருந்தில் பயணிகள் பாதிப் பேர் உறக்கத்தில் இருப்பார்கள். போர்த்துக்கேயர் கட்டியதாகச் சொல்லப்படும் சிறு கோட்டையொன்றின் எச்சம் இங்கே உண்டு என்பது ஊர்க்காரர் பலருக்கே தெரியாது. என் ஊர் இது. இங்கிருந்து பல்கலைக்கழகம் போய்க் கலைப் பட்டம் பெற்று, பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த பின்னரும், வருடத்தில் ஓரிரு முறை இந்த மண்ணை மிதிக்காவிட்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இவ்வளவு பீடிகையும் ஒரு கணினியைப் பற்றி எழுதுவதற்காக. கலைப் பட்டதாரிக்குக் கணினியில் என்ன வேலை என்று என் பிள்ளைகளே கேட்கிறார்கள். ஆனால் இது கணினி படித்தவர்களிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய விடயமன்று. படித்துப் பார்த்துவிட்டு வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டக் காரியாலயம் ஒன்றில் என்னுடன் படித்த நண்பர் ஒருவர் பெரிய கிளாக்கராக இருந்தார். தோட்டத்தின் பெயரையோ கொம்பனியின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. அவருடைய மேசைக்குப் பக்கத்தில் மஞ்சள் பூத்துப்போன பழைய கணினி ஒன்று இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம். அதற்குள் அதனினும் பழைய ஒரு நிரல்: டொஸ் காலத்தது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, சுட்டியைத் தொடவே தேவையில்லை. தோட்டத்தின் செக்ரோல் முழுவதும் அதற்குள்தான்.

மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தோட்டத்துத் தமிழில் ‘பேர்’ என்றால் பெயர் மட்டுமல்ல. ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் விழும் பதிவுக்கும் ‘பேர்’ என்றே பெயர். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. “இந்த மாதம் எத்தனை பேர் விழுந்திருக்கிறது?” என்று ஒரு தாய் கேட்டால், அடுப்பு எத்தனை நாள் எரியும் என்று கேட்கிறாள் என்பது பொருள். அந்தப் பேரிலிருந்துதான் சம்பளம். சம்பளத்திலிருந்துதான் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதமும், தொழில் தருநரிடம் 12 சதவீதமும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம். ஓய்வுபெறும் நாளில் கிடைக்கும் பணிக்கொடைக்கும் இந்தப் பேர்களே சாட்சி. அந்த மஞ்சள் பெட்டிக்குள் இருந்தது பல நூறு குடும்பங்களின் ஆயுட்கால உழைப்பு.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் காரியாலயத்துக்கு இரண்டு புதிய கணினிகள் வந்தன, விண்டோஸ் 10. மாதாந்த அறிக்கைகளைப் பழைய கணினியிலிருந்து எடுத்துக் கொழும்புக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஆனால் புதியவற்றின் கண்ணுக்குப் பழையது தெரியவில்லை. செக்ரோல் நிரலுக்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். ஒரு தொழில்நுட்பவியலாளர் வந்தார். இருபது நிமிடம். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அந்த இருபது நிமிடத்தில் அவர் செய்தவை என்ன என்பதைப் பின்னர் நானும் கணினி தெரிந்த என் மருமகனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டறிந்தோம். பழைய கணினியின் தீச்சுவரை முற்றாக அணைத்திருந்தார். செக்ரோல் இருந்த கோப்புறையை மட்டுமன்றி சி வட்டு முழுவதையும், எவரும் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் கூடியதாகப் பகிர்ந்திருந்தார். எல்லோரும் நிர்வாகியின் கணக்கிலேயே வேலை செய்யும்படி மாற்றி, அதற்கு 1234 என்று கடவுச்சொல் வைத்திருந்தார். இதற்கெல்லாம் மேலாக, அடுத்த முறை மலையேறி வரும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக, இணையத்திலிருந்து நேரே அந்த எக்ஸ்பி கணினிக்குள் நுழைந்து இயக்கும்படி ரௌட்டரில் 3389ஆம் வாயிலைத் திறந்து விட்டிருந்தார். ‘ரிமோட் டெஸ்க்டொப்’ எனப்படும் தொலை இயக்கத்துக்கான வாயில் அது.

சில மாதங்கள் ஓடின. ஒரு நாள் காலை செக்ரோல் திறக்கவில்லை. கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புரியாத எழுத்துகள். திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல்: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன, திறப்பு வேண்டுமானால் பிட்கொயினில் பணம் கட்டுங்கள். மாத முடிவுக்கு நான்கு நாள் இருந்தது.

நண்பர் பழைய மனிதர். இயந்திரத்தை முழுதாக நம்பாமல் அந்த மாதத்துப் பேர்களைக் கடதாசியிலும் எழுதி வைத்திருந்தார். இரவு பகலாக உட்கார்ந்து கூட்டினார்கள். சம்பளம் எட்டு நாள் பிந்திப் போடப்பட்டது. அந்த எட்டு நாளில் எந்தெந்தக் கடையில் எவ்வளவு கடன் ஏறியது என்பதற்குச் செக்ரோல் இல்லை. பழைய ஆண்டுகளின் பதிவுகளில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. அவ்வாண்டு ஓய்வுபெறவிருந்த மூவர் தாம் வேலை செய்த காலத்தை நிரூபிக்கப் பழைய சம்பளத் துண்டுகளைத் தேடித் தகரப்பெட்டிகளைக் கவிழ்த்தார்கள்.

நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த பதில் இது: “அது பழைய மெஷின்தானே சேர். பழசு என்றால் இப்படித்தான்.”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். கொள்ளை நடந்ததற்கு வீட்டின் வயதைக் காரணம் சொல்கிறார்கள். வீட்டின் கதவைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டுப் போனது யார் என்பதைச் சொல்லவில்லை.

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். எக்ஸ்பி 2001இல் வெளிவந்தபோதே அதற்குள் ஒரு தீச்சுவர் இருந்தது. ஆனால் அணைக்கப்பட்ட நிலையில் இருந்தது. 2003 ஓகஸ்டில் ‘பிளாஸ்டர்’ புழுவும், 2004 மே மாத வாக்கில் ‘சாசர்’ புழுவும் உலகெங்கும் கணினிகளை வீழ்த்தின. இவற்றுக்கு யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. கணினி வலையமைப்பில் இணைந்திருந்தாலே போதுமானதாக இருந்தது. அதன் பிறகுதான் மைக்ரோசொஃப்ட் 2004 ஓகஸ்டில் வெளியிட்ட இரண்டாம் சேவைத் தொகுப்பில் தீச்சுவரை முதலிலேயே இயங்கும் நிலையில் வைத்தது. உடனே பழைய நிரல்கள் பல தடுமாறின. எந்தெந்த நிரல்கள் தடுமாறும் என்று அந்த நிறுவனமே ஒரு பட்டியல் வெளியிட வேண்டியதாயிற்று. “தீச்சுவரை அணைத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்” என்ற மந்திரம் பிறந்து பரவியது அந்தக் காலத்தில்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மந்திரத்தை நம்மவர்கள் கைவிடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அணைக்காமலே வேலையைச் செய்வதற்கான வழியும் அதே தொகுப்பிலேயே வைக்கப்பட்டிருந்தது. தீச்சுவரின் அமைப்புப் பெட்டியைத் திறந்தால் ‘விதிவிலக்குகள்’ என்று ஒரு பக்கம். வெளியிலிருந்து வரும் தொடர்பை எந்த நிரலுக்கு அனுமதிப்பது, எந்த வாயில் எண்ணுக்கு அனுமதிப்பது என்பதை அங்கே ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். அதைவிட முக்கியமானது, அந்த அனுமதி யாருக்கு என்பதையும் அங்கேயே குறிக்கலாம்: இணையத்திலுள்ள எல்லோருக்குமா, நம் காரியாலய வலையமைப்புக்கு மட்டுமா, அல்லது நாம் பெயர் குறிப்பிடும் ஓரிரு கணினிகளுக்கு மட்டுமா? தோட்டத்துப் பங்களாவின் காவற்காரனுக்குச் சொல்வதைப் போலத்தான். இன்னார் வந்தால் விடு, இந்த வாசலால் விடு, மற்றவர்களைக் கேட்டு அனுப்பு. காவற்காரனையே வீட்டுக்கு அனுப்பிவிடு என்று எந்தத் துரையும் சொன்னதில்லை.

அந்தக் காரியாலயத்துக்குத் தேவைப்பட்டது என்ன? ஒரு கோப்புறையை இன்னொரு கணினி படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு விதிவிலக்குப் பட்டியலில் ‘கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வு’ என்ற வரி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு நேரே ஒரு சரி அடையாளம் போட வேண்டும். அதன் எல்லைகூட முதலிலேயே உள்ளூர் வலையமைப்புக்கு மட்டும் என்றுதான் வைக்கப்பட்டிருக்கும். ஒரு சொடுக்கு. அணைப்பதற்கும் ஒரு சொடுக்கு; சரியாகச் செய்வதற்கும் ஒரு சொடுக்கு. நேரமில்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது.

மறுபக்கத்தில் உள்ள சிக்கலும் உண்மையானதுதான். எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பி முதற் பதிப்பு மட்டுமே. 2017 இலையுதிர்காலப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அந்த மொழியைப் பேசுவதை நிறுத்திவிட்டது; அது பாதுகாப்பற்றது என்பதால். இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று காணாததற்கு இதுவே காரணம். தேவை என்றால், அறிக்கை எடுக்கும் ஒரேயொரு புதிய கணினியில் மட்டும், அதிலும் ‘கிளையன்ட்’ எனப்படும் கேட்கும் பாகத்தை மட்டும், மீளச் சேர்த்துக்கொள்ளலாம். ‘சேர்வர்’ எனப்படும் பரிமாறும் பாகத்தைத் தொட வேண்டியதில்லை. நம்மவர் இரண்டு கணினிகளிலும் இரண்டு பாகங்களையும் திறந்துவிட்டிருந்தார்.

நிர்வாகிக் கணக்கும் இப்படித்தான். பழைய நிரல் தன் கோப்புகளைத் தன் கோப்புறைக்குள்ளேயே எழுதும். சாதாரணக் கணக்கில் அதற்கு அனுமதி இல்லாவிட்டால் நிரல் முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு கோப்புறைக்கு எழுதும் உரிமை கொடுத்தால் அது போய்விடும். முழு இயந்திரத்தின் சாவிக்கொத்தையும் கொடுக்கத் தேவையில்லை. எக்ஸ்பியில் ‘எளிய கோப்புப் பகிர்வு’ என்று ஒன்று உண்டு. அது இயங்கும்வரை வலையமைப்பால் வரும் எவரையும் ஒரே விருந்தாளியாகவே கணினி கருதும். அதை நிறுத்திவிட்டு, குறித்த ஒரு பயனருக்கு, ஒரு கடவுச்சொல்லுடன், படிக்க மட்டும் அனுமதி கொடுப்பது ஐந்து நிமிட வேலை.

அச்சுப்பொறி விடயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல காரியாலயங்களில் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. டொஸ் நிரலுக்கு எல்பிடி1 என்ற ஒரு வாசல்தான் தெரியும். பழைய டொட் மெட்ரிக்ஸ் அச்சுப்பொறி உயிரை விட்டதும், யூஎஸ்பி வழியாக இணையும் புதியது அதற்குப் புலப்படாது. புதிய அச்சுப்பொறிக்கு ஒரு பகிர்வுப் பெயர் வைத்து, ‘நெட் யூஸ்’ என்ற கட்டளையால் எல்பிடி1 என்பது இதுதான் என்று நிரலிடம் சொல்லிவிட்டால், பல அச்சுப்பொறிகளில் அது மறுபேச்சில்லாமல் அச்சடிக்கும். வட்டு முழுவதையும் ஊருக்குத் திறந்துவிட்டால்தான் அச்சடிக்கும் என்று எந்த நூலிலும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கணினி இணையத்தைத் தொடவே கூடாது. இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கணினிக்கு நிலையான ஓர் ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டு, ‘டிஃபோல்ட் கேட்வே’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். பக்கத்து மேசைக் கணினியோடு அது பேசும். வெளியுலகத்துக்குப் போகும் வழி அதற்குத் தெரியாது. ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

இனி, இதையெல்லாம் சொல்லும்போது வழக்கமாக வரும் மூன்று மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது மறுப்பு: “ஹல்துமுல்லையில் இருக்கும் தோட்டக் காரியாலயத்தைத் தாக்க யாருக்கு ஐயா நேரமிருக்கிறது?” இது அடக்கம் போலத் தோன்றும் அறியாமை. தாக்குபவர் யாரும் நம் ஊரைத் தேடி வருவதில்லை. 2013ஆம் ஆண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே கணினியிலிருந்து, இணையத்தின் ஐபி 4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட வாயில் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கும் கருவியை வெளியிட்டார்கள். தட்டும் கைக்கு ஹல்துமுல்லையும் ஒன்று, இலண்டனும் ஒன்று. 2019 மே 14ஆம் திகதி, அதே தொலை இயக்கச் சேவையிலுள்ள ஓட்டையொன்றை அடைக்க, ஆதரவு முடிந்து ஐந்தாண்டு கடந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசொஃப்ட் மருந்து வெளியிட்டது. ஆபத்து எவ்வளவு பெரிதென்று அதிலிருந்தே உணரலாம். நம் காரியாலயத்தில் அந்த மருந்தும் போடப்படவில்லை. வாயிலும் திறந்தே கிடந்தது.

இரண்டாவது மறுப்பு: “தீச்சுவர் இருந்தால் மட்டும் தடுத்திருக்குமா?” இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, பிரித்தானியாவின் தேசிய கணக்காய்வு அலுவலகம் சொல்லியிருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி ‘வன்னாக்ரை’ தாக்கியபோது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அன்றைக்கும் எல்லோரும் எக்ஸ்பியைத்தான் திட்டினார்கள். ஆனால் தொற்றுக்குள்ளானவற்றில் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். இரண்டு மாதம் முன்பே வெளியான மருந்தைப் போடாமல் விட்டிருந்தார்கள். மருந்து போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், இணையத்தை நோக்கியிருந்த தீச்சுவர்களைச் சரிவர நிர்வகித்திருந்தால் அந்த அமைப்புகள் தொற்றிலிருந்து காக்கப்பட்டிருக்கும் என்பது கணக்காய்வு அலுவலகம் அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின் முடிவு. ‘பழைய மெஷின்’ என்ற சாக்கு எவ்வளவு பொய்யானது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

மூன்றாவது மறுப்புத்தான் நியாயமுள்ளது: “பழசைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.” கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு இதைச் சொல்லும் நண்பர்கள் மீது எனக்குக் கோபமில்லை. என்றைக்கும் எக்ஸ்பியிலேயே இருங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தூக்கியெறிவதற்கு முன் சில கேள்விகள் உண்டு. டொஸ் காலத்து 16 பிட் நிரலை 64 பிட் விண்டோஸ் நேரடியாக இயக்காது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. நிரலை எழுதியவர் எங்கோ போய்விட்டார். மூல நிரல் விற்ற நிறுவனத்திடமே இல்லை. புதிய கணினி வாங்கினால் பெட்டிதான் புதிதாகும், செக்ரோல் திறக்காது. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது ரூபாவுக்குப் போனபோது புதிய கணினி என்ற பேச்சையே பல காரியாலயங்கள் மூட்டை கட்டி வைத்தன. அப்படி வாங்கினாலும் அதுவும் ஒரு நாள் பழசாகிவிடும். நம் கதையில் ‘புதிது’ என்று வந்த விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. கதவைப் பூட்டத் தெரியாதவனுக்கு எந்த வீடும் பாதுகாப்பில்லை.

இடைவழியும் இருக்கிறது. பழைய எக்ஸ்பியை அப்படியே எடுத்து, புதிய கணினிக்குள் ‘வெர்ச்சுவல்பொக்ஸ்’ போன்ற ஒன்றில், வெளித்தொடர்பு இல்லாத மெய்நிகர்க் கணினியாக இயக்கலாம். டொஸ் நிரல்கள் சில ‘டொஸ்பொக்ஸ்’ போன்றவற்றிலேயே ஓடிவிடும். இவற்றுக்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. பொறுமையும் பொறுப்பும் தேவை. பராமரிப்புக் கட்டணம் என்று ஆண்டுதோறும் வாங்குவது எதற்காக என்று நான் கேட்பதும் இதனால்தான்.

இதை ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். மலையகத் தமிழனுக்குப் பதிவு என்பது விளையாட்டுக் காரியமல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் பிறந்ததற்கு, பாட்டன் பிறந்ததற்குக் கடதாசி கேட்டது. இந்த மண்ணிலே பிறந்தவர்கள் கடதாசி இல்லாத காரணத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். எஞ்சியவர்களின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, எங்கள் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்பதையே முதல் நாட்களில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கில் தொடங்கிய எண் பின்னர் குறைந்துகொண்டே வந்தது. செத்தவர்களையே சரியாக எண்ண முடியாத நிலையை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். ஆகவே, ஒரு தொழிலாளியின் இருபது வருடத்துப் பேர் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்றால், அந்தப் பெட்டியின் கதவை 1234 என்று பூட்டுபவனை என்னால் மன்னிக்க முடியாது. மடிக்கணினியைத் தோளில் தொங்கவிட்டு வரும் அந்த இளைஞரை மட்டும் நான் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து காரியாலயம் முடிக்க வேண்டும் என்றுதான் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

என் தொழிலின் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். நான் வேலை செய்த பத்திரிகைக் காரியாலயம் ஒன்றிலும் இதே கதைதான். பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய காலத்துக் கோப்புகளுக்காகவே ஒரு பழைய கணினியை வைத்திருந்தோம். யூனிகோட் வந்த பின்னும் அந்தப் பழைய பக்கங்களைத் திறக்க வேறு வழியில்லை. அதைப் புதிய கணினிகளுடன் இணைத்த நாளில், “ஃபயர்வோலை ஓஃப் பண்ணுங்கள், அவசரம், பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்” என்று உரத்துச் சொன்னவன் நான்தான். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால் அது சரியாகிவிடாது. சென்னையின் சிறு அச்சகங்களிலும், புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப் பத்திரிகை அறைகளிலும், கோயில் அலுவலகங்களிலும் இப்படிப்பட்ட பழைய பெட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இந்தப் பதிவை வாசிப்பவர்களில் சிலர் அவற்றின் முன்னால்தான் அமர்ந்திருக்கக்கூடும்.

எனவே என் கோரிக்கைகள் இவை.

ஒன்று: காரியாலயங்களுக்கு நிரல் விற்பவர்கள், அதைப் பராமரிப்பவர்கள், தம் நிரலுக்கு எந்த வாயில் தேவை, எந்தக் கோப்புறை தேவை, எந்தக் கணக்கு தேவை, எந்தக் கணினி எதனோடு பேச வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் தர வேண்டும். “தீச்சுவரை அணைக்கவும்” என்று எழுதும் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்கக் கூடாது.

இரண்டு: வந்து கை வைத்தவர் என்ன மாற்றினார் என்பதைத் திகதியிட்டு எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போக வேண்டும். மின்சாரத் திருத்தம் செய்பவரிடமும் வாகனத் திருத்தம் செய்பவரிடமும் துண்டு கேட்கும் நாம், கணினிக்காரரிடம் கேட்க ஏன் கூச்சப்படுகிறோம்?

மூன்று: ஆதரவு முடிந்த எந்தக் கணினியும் இணையத்தில் இருக்கக் கூடாது. தொலை இயக்கத்துக்காக வாயிலை உலகத்துக்குத் திறக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மலையேறி வரச் சிரமம் என்றால், தொலைபேசியில் கிளாக்கருக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர் செய்வார்.

நான்கு: ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது செக்ரோலின் பிரதியொன்று ஒரு பென்டிரைவில் ஏற வேண்டும். பிரதி முடிந்ததும் அதைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்ட வேண்டும். செருகியபடியே இருக்கும் பிரதியும் சேர்ந்தே பூட்டப்படும்.

ஐந்து: தொழிலாளி கேட்டால் தன் பேர்களின் கணக்கை அச்சில் பெற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் பேசும்போது இதையும் பேச்சு மேசைக்குக் கொண்டுவரட்டும். சம்பளம் எவ்வளவு என்பதற்குப் போராடுகிறோம். அந்தச் சம்பளம் எழுதப்பட்டிருக்கும் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்டதில்லை.

2000களின் நடுவில் ஈ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் ஊரூராக நெனசல நிலையங்கள் திறக்கப்பட்டன. 2014இல் அத்திட்டம் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. பல பிள்ளைகள் முதன்முதலாக விசைப்பலகையைத் தொட்டது அங்கேதான். கணினியைத் திறக்கக் கற்றுக்கொண்டோம். எதை மூடி வைக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். அதை நம் மொழியில், நம் பிள்ளைகளுக்கு, யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். கணினித் துறையில் இருக்கும் மலையக இளைஞர்கள் இன்று கொழும்பிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் தோட்டக் காரியாலயத்துக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லித்தான் அவர்களை நான் கேட்கிறேன்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது அந்தக் காரியாலயத்தையும் பார்த்தேன். நண்பர் ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் ஓர் இளம் பெண், தோட்டத்துப் பிள்ளை. பழைய எக்ஸ்பி மெய்நிகர்க் கணினியாகப் புதிய பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த கடதாசியில் எந்த வாயில், எந்தக் கோப்புறை, எந்தக் கணினி என்று நீல மையில் தமிழில் எழுதியிருந்தது. “இதை யார் எழுதினது பிள்ளை?” என்று கேட்டேன்.

“நான்தான் ஐயா. பழைய கிளாக்கரையா போகும்போது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். இப்போது யாரும் வந்து கை வைத்தால், இந்தத் துண்டில் எழுதாமல் போக விட மாட்டேன்.”

அலுமாரியைத் திறந்து அன்றைய பிரதியையும் காட்டினாள்.